தேதி இல்லாத காவல்

1910இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் அரசு, பதிவுச் சட்டத்துக்குப் பணிய மறுத்த இந்தியர்களைப் பிடித்துக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கியது. அவர்களில் பெரும்பாலோர் தமிழர். சிலர் அங்கேயே பிறந்தவர்கள், இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர்கள். கையில் ஒன்றுமில்லாமல் சென்னையில் வந்து நின்ற அவர்களுக்குத் தங்க இடமும் சோறும் கொடுத்து, பணம் திரட்டி, மறுபடி தென்னாப்பிரிக்காவுக்கே கப்பலேற்றி அனுப்பியவர் ஜி.ஏ. நடேசன். 'இந்தியன் ரெவ்யூ' பத்திரிகையின் ஆசிரியர் என்று அவரை ஊர் அறியும். அவர் நம் தஞ்சை மாவட்டத்துக் கணபதி அக்ரகாரத்தில் 1873இல் பிறந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

திரும்பிப் போனவர்களில் நாராயணசாமி என்று ஓர் இளைஞர் இருந்தார். டர்பனில் கப்பல் நின்றது, இறங்க விடவில்லை. துறைமுகம் துறைமுகமாக அலைக்கழித்தார்கள். திறந்த மேல்தட்டில் குளிரிலும் மழையிலும் கிடந்து, 1910 அக்டோபர் 16 அன்று டெலகோவா விரிகுடாவில் இறந்துபோனார். எந்த நாடும் தன் மண்ணில் கால் வைக்க விடாத ஒரு மனிதனின் சாவு அது. மூன்றாண்டு கழித்து, அனுமதியின்றி எல்லை கடந்ததற்காகப் பெண்கள் சிறை புகுந்தார்கள். அவர்களில் ஒருத்தி, தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை. மாரிட்ஸ்பர்க் சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்தவள் 1914 பிப்ரவரி 22 அன்று கண்ணை மூடினாள். வயது 16. வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1927இல் இந்திய அரசின் ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்கா போனதும் இதே தொடரின் அடுத்த பக்கம்தான்.

நம் வழக்கறிஞர் சங்கத்தின் மலரில் இந்தப் பழைய கதையை ஏன் முதலில் வைத்தேன் என்றால், வெளிநாட்டில் அடைபட்டுக் கிடக்கும் மனிதனுக்காகப் பேசுவது டெல்டாவுக்குப் புதிய வேலை இல்லை என்பதைச் சொல்லத்தான். அன்று அடைபட்டவர்கள் நம்மவர்கள், அடைத்தது வேறொரு நாடு. இன்று அடைப்பது நாம். திருச்சி மத்தியச் சிறை வளாகத்துக்குள் இருக்கும் சிறப்பு முகாமைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். சென்னை உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளைக்கு இருபது வயது கடந்துவிட்டது. அதன் வரலாற்றை யார் எழுதினாலும் இந்த முகாம் பற்றிய வழக்குகளைத் தாண்டிப் போக முடியாது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து பதிவான அகதிகள் மூன்று லட்சத்துக்கு மேல். அரசுக் கணக்கில் 3,04,269. நம் நாடு 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலோ 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலோ கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. ஆகவே படகில் வந்து இறங்கிய ஒரு தாயும் குழந்தையும், விசா முடிந்தும் ஊர் திரும்பாத ஒரு சுற்றுலாப் பயணியும் சட்டத்தின் கண்ணில் ஒரே வகை ஆனார்கள்: 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ் வரும் வெளிநாட்டினர். அரசு கொடுத்த சோறும் வீடும் உதவித்தொகையும் கருணை. அந்தக் கருணை பெரிது, மறுக்கவே கூடாது. ஆனால் கருணையை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் வாதாட முடியாது.

இந்த அகதிகளுக்கென்று எழுந்த நிலையான அமைப்பு, ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். 1984இல் எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கியது. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் அவர், தந்தையைப் போலவே வழக்கறிஞர். அகதிகளே நடத்தும் அமைப்பாக அது வளர்ந்தது. முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தரும் வேலையைப் பல ஆண்டு அது விடாமல் செய்தது. வெளியிலிருந்து பார்த்தால் சின்ன வேலை. வழக்கறிஞனுக்குத்தான் தெரியும், ஒரு துண்டுத் தாள் இல்லாமல் போனால் ஒரு மனிதன் இரண்டு நாடுகளுக்கும் இல்லாதவனாகிவிடுகிறான் என்பது.

அந்தச் சந்திரஹாசனையே 1985 ஆகஸ்டில், இலங்கை அரசோடு தமிழர் தரப்பு நடத்திய திம்புப் பேச்சுவார்த்தை முறிந்த கையோடு, இந்திய அரசு நாடு கடத்த ஆணையிட்டது. தமிழர் தரப்பைச் சேர்ந்த ஆன்டன் பாலசிங்கம், சத்தியேந்திரா ஆகியோருக்கும் அதே ஆணை. சந்திரஹாசனை நியூயார்க்குக்கு விமானம் ஏற்றினார்கள். அங்கே போய்ச் சேர்ந்தவர் அந்த நாட்டுக்குள் நுழைய மறுத்துவிட்டார். தமிழ்நாட்டில் திருக்குவளைக்காரரான கருணாநிதியின் தலைமையில் தமிழீழ ஆதரவாளர் அமைப்பான டெசோ தெருவில் இறங்கியது. கடைசியில் சந்திரஹாசன் திரும்ப வந்தார், ஆணை விலக்கப்பட்டது. வழக்கு மன்றத்தில் வெல்ல முடியாததை ஒரு வழக்கறிஞர் தன் உடம்பையே மனுவாக வைத்து வென்றார் என்று இதை நான் எப்போதும் எண்ணிக்கொள்வேன்.

1990இல் சிறப்பு முகாம் வந்தது. போராளி இயக்கங்களோடு தொடர்புள்ளவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை மற்ற அகதிகளிடமிருந்து பிரித்து வைப்பது நோக்கம். வேலூர்க் கோட்டையின் திப்பு மஹால் அதற்கு இடமானது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு சந்தேகத்தின் வலை அகன்றது. 1995 ஆகஸ்டில் வேலூர்க் கோட்டையிலிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அரசுக்கு அச்சம் இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருபக்கம் மட்டும் பேசியவனாவேன். ஆனால் அந்த அச்சம் உருவாக்கிய ஏற்பாடு, அச்சம் போன பிறகும் நிற்கிறது. போர் 2009இலேயே முடிந்துவிட்டது. முகாம் முடியவில்லை. செங்கல்பட்டு, பூந்தமல்லி என்று இடம் மாறி, இன்று நம் வாசலில், காவிரி டெல்டாவின் தலைமாட்டில், திருச்சியில் இருக்கிறது. இலங்கைத் தமிழரோடு வங்கதேசத்தவர், நைஜீரியர் என்று பிற நாட்டவரும் அங்கே அடைக்கப்பட்டிருக்கிறார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை இளையவர்கள் கவனிக்க வேண்டும். ஒருவர் மீது கடவுச்சீட்டு இல்லாமல் வந்ததாகவோ வேறு குற்றத்துக்காகவோ வழக்கு. வழக்கறிஞர் வாதாடி ஜாமீன் வாங்குகிறார், அல்லது தண்டனைக் காலமே முடிந்துவிடுகிறது. சிறை வாசலிலேயே அடுத்த ஆணை காத்திருக்கிறது: வெளிநாட்டினர் சட்டத்தின்படி (1946ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தவரை அதன் 3ஆம் பிரிவின்படி) இவர் இன்ன இடத்தில்தான் வசிக்க வேண்டும். அந்த இன்ன இடம், சிறப்பு முகாம். ஜாமீன் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு கட்சிக்காரரின் மனைவிக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்கும் வழக்கறிஞரின் நிலை, குற்றவியல் பக்கம் வேலை பார்க்கும் எவருக்கும் புரியும்.

நம் ஊர்ப் பேட்டை ரௌடி ஒருவனை 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தில், அதாவது குண்டர் சட்டத்தில், ஆட்சியர் உள்ளே தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளுக்குள் காரணம் எழுத்தில் தர வேண்டும். பன்னிரண்டு நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் குழுமத்துக்குக் கோப்பு போக வேண்டும். ஏழு வாரத்துக்குள் குழுமம் கருத்துச் சொல்ல வேண்டும். எப்படிப் போனாலும் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைக்க முடியாது. ஒரு நாள் தவறினாலும் உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்கிறது, நாம் தினமும் பார்க்கிறோம். சிறப்பு முகாமில் இருப்பவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. குழுமம் இல்லை, காலவரம்பு இல்லை. அரசு ஏன் இப்படிச் செய்யலாம் என்றால், அது காவலே இல்லை, வசிக்கும் இடத்தை வரையறுத்தது மட்டுமே என்பது அரசின் வாதம். இந்த முகாம் ஆணைகளை எதிர்த்துப் போடப்பட்ட மனுக்களை 2003இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அரசுக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது. அந்தத் தீர்ப்பைத்தான் இன்றும் அரசுத் தரப்பு நீட்டுகிறது. மரியாதையோடு சொல்கிறேன், அது தவறான தீர்ப்பு. பூட்டும் காவலும் இருந்து, வெளியே போகும் உரிமை இல்லாத இடத்தைக் காவல் என்று ஏற்காமல் வேறு எதைக் காவல் என்பது?

அரசியல் சட்டம் இந்த இடத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. எங்கும் நடமாடவும் குடியிருக்கவும் 19ஆம் பிரிவு தரும் சுதந்திரம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டவர் இங்கேயே தங்குவேன் என்று உரிமையாகக் கேட்க முடியாது. 1991இல் லூயி டி ரேட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. அதே மூச்சில் 21ஆம் பிரிவின் பாதுகாப்பு அவருக்கும் உண்டு என்றும் சொன்னது. 1996இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்களுக்காகத் தேசிய மனித உரிமை ஆணையம் போட்ட வழக்கில், குடிமக்கள் அல்லாதவரின் உயிரையும் காப்பது மாநில அரசின் கடமை என்று தீர்ப்பாயிற்று. 2021 ஏப்ரலில் ரோஹிங்கியா வழக்கில் இடைக்கால நிவாரணம் மறுத்தபோதுகூட, உரிய நடைமுறை இன்றி நாடு கடத்தக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 'வெளியே அனுப்பு' என்று அரசு சொல்லலாம். 'அனுப்பவும் மாட்டேன், விடவும் மாட்டேன்' என்று ஆண்டுக்கணக்கில் சொல்லலாமா? நம் வாதம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் நிற்கிறது.

திருப்பி அனுப்புவதிலும் நீதிமன்றம் தலையிட்டதுண்டு. 1992இல் அகதிகளைக் கூட்டங்கூட்டமாக இலங்கைக்கு அனுப்பத் தொடங்கியபோது பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. இராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். போகிறவர் மனமொப்பித்தான் போகிறாரா என்பதே வழக்கின் மையம். அந்த ஆண்டே ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது, அந்தச் சம்மதத்தைச் சரிபார்க்கும் வேலை அதனிடம் வந்தது. தஞ்சைக்குப் பக்கத்தில் விளாரில் முள்ளிவாய்க்கால் நினைவு முற்றத்தைப் பார்க்கப் போகிறவர்கள், அதை எழுப்பிய நெடுமாறன் இப்படி ஒரு வழக்கையும் நடத்தியவர் என்பதை அறிந்து போவது நல்லது. கல்லில் எழுப்பிய நினைவை எல்லாரும் பார்க்கிறார்கள். சட்ட அறிக்கைத் தொகுதிக்குள் இருக்கும் நினைவை நாம்தான் எடுத்துக்காட்ட வேண்டும்.

இனி மதுரைக் கிளை. 2004 ஜூலை 24 அன்று திறக்கப்பட்டது. தஞ்சாவூரும் திருச்சியும் அதன் எல்லைக்குள் வந்தன. திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னையோடு நின்றன. டெல்டா இரண்டாகப் பிரிந்தது, அதன் விளைவு இந்த வழக்குகளில் நன்றாகவே தெரியும். கோடியக்கரையில் இறங்கிப் பிடிபட்டவருடைய குற்ற வழக்கு வேதாரண்யத்தில் தொடங்கி நாகை வழியாகச் சென்னையை நோக்கிப் போகும். அவரை அடைத்திருக்கும் இடமோ மதுரையின் எல்லையில். இரண்டு கோப்பு, இரண்டு வழக்கறிஞர். தமிழ்நாட்டில் உறவே இல்லாத ஒருவருக்கு இதில் பாதிகூட வாய்க்காது.

அந்தக் கிளை செய்த நல்ல காரியங்களில் இரண்டை இந்த மலரில் பதிவு செய்ய விரும்புகிறேன். 2019 ஜூன் 17 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் ஆகிய முகாம்களில் வசித்த 65 பேரின் மனுவில் தீர்ப்பளித்தார். அவர்கள் மலையகத் தமிழர். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போன நம்மவரின் வாரிசுகள். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைப் பங்கு பிரித்தது. பிரித்த பங்கிலும் எத்தனையோ பேர் எங்கும் சேராமல் நின்றார்கள். குடியுரிமை கேட்டு அவர்கள் தரும் மனுக்களைப் பரிசீலித்து 16 வாரத்துக்குள் முடிவெடுக்கும்படி மத்திய அரசுக்கு நீதிபதி உத்தரவிட்டார். மண்டபம் முகாமைச் சற்று நினைத்துப் பாருங்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்த்தொற்று இல்லையென்று உறுதி செய்வதற்காகத் தடுத்து வைக்கக் கட்டிய இடம் அது. பாட்டன் புறப்பட்ட கொட்டகையிலேயே பேரனை அகதி என்று பதிவு செய்தது நம் காலம்.

இரண்டாவது, 2022இல் அதே நீதிபதி தந்த ஒரு தீர்ப்பு. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் கடவுச்சீட்டுக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்று குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. தாய் தந்தை யார் என்று அது கேட்பதில்லை. பிறப்பால் குடியுரிமை என்பது சட்டப் புத்தகத்தில் 1955 முதல் இருந்த விதி. அதைப் படித்துக் காட்ட ஒரு வழக்கறிஞர் வர இத்தனை ஆண்டாயிற்று. 2024 தேர்தலில் கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் அந்தப் பெண் வாக்களித்தார்.

கிளைக்கும் முகாமுக்கும் இடையே வெற்றிக் கதை மட்டும் இல்லை. 2021இல் திருச்சி சிறப்பு முகாமில் இருந்தவர்கள் விடுதலை கேட்டு நடத்திய போராட்டம் தற்கொலை முயற்சி வரை போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் இலங்கைத் தமிழருக்காக ரூ.317.40 கோடித் திட்டத்தை அறிவித்தார். அகதிகள் முகாம்கள் மறுவாழ்வு முகாம்கள் ஆயின. நல்ல வீடுகள் எழுந்தன, நேரில் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். சிறப்பு முகாமின் கதவு மட்டும் திறக்கவில்லை.

சாந்தனின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜீவ் கொலை வழக்கில் 31 ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தவர். 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரை விடுவித்தது. அவர்களில் சாந்தன், முருகன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் ஆகிய நால்வரும் இலங்கையர் என்பதால் சிறையிலிருந்து நேரே திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம் விடுதலை என்று சொன்ன பிறகும் பதினைந்து மாதம் சாந்தன் அடைபட்டிருந்தார். ஊர் போய்த் தாயைப் பார்க்க வேண்டும் என்று மனுமேல் மனு போட்டார். பயண ஆவணம் வந்து சேர்ந்தபோது கல்லீரல் செயலிழந்து சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் கிடந்தார். 2024 பிப்ரவரி 28 அன்று இறந்தார். யாழ்ப்பாணத்துக்கு உடல்தான் போனது. மற்ற மூவரும் ஏப்ரல் தொடக்கத்தில் கொழும்புக்கு விமானம் ஏறினார்கள். கொலையில் மாண்டவர்களின் குடும்பத் துயரத்தை மறந்து இதை எழுதவில்லை. தண்டனை கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை. அது முடிந்தது என்று நீதிமன்றமே சொன்ன பிறகு மேலும் பதினைந்து மாதத்தை யார் விதித்தது? எந்தத் தீர்ப்பில்?

2025 மே 19 அன்று, சிறைத் தண்டனை முடிந்தும் முகாமில் வைக்கப்பட்டிருந்த மற்றொரு இலங்கைத் தமிழரின் மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துக் காக்க இந்தியா தர்மசாலை அல்ல என்று அமர்வு வாய்மொழியாகக் கூறியது. தர்மத்துக்கு இடம் கேட்டு எவரும் நீதிமன்றம் போவதில்லை. கேட்டது சட்டப்படியான நடைமுறை. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் 1946ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2025ஆம் ஆண்டு குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் 2022இல் இலங்கை நொடித்தபோது, பால்மாவுக்கும் வழியில்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனுஷ்கோடிக் கரையில் இறங்கியவர்களுக்கு அந்த விலக்கு இல்லை. வசிப்பிடத்தை வரையறுக்கும் அதிகாரமும் புதிய சட்டத்தில் அப்படியே தொடர்கிறது.

இதை வேறொரு நாட்டு மக்களின் பிரச்சினை என்று தள்ளுகிறவர்கள் அக்கரைப்பேட்டைக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் ஒரு முறை போய் வர வேண்டும். எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படை பிடித்துப் போகும் நம் மீனவர்கள், ஊர்காவற்றுறையிலும் பருத்தித்துறையிலும் நீதிமன்றத்தில் வெளிநாட்டவராக நிற்கிறார்கள். விளக்கமறியலில், அதாவது விசாரணைக் காவலில், வைக்கிறார்கள். அங்கே ஒரு தேதி தருகிறார்கள், அந்தத் தேதியில் மறுபடி நீதவான் முன் நிறுத்துகிறார்கள். யாழ்ப்பாணத்து வழக்கறிஞர் நம் மீனவருக்காக எழுந்து நிற்கிறார். அபராதம் கொடியது, படகு பறிபோகிறது, அதற்கு எதிராக நாம் போராடத்தான் வேண்டும். ஆனால் என்றைக்குத் தன் பெயர் கூப்பிடப்படும் என்று நம் மீனவருக்குத் தெரிகிறது. திருச்சியில் இருப்பவருக்குத் தெரிவதில்லை.

இந்த மலரைக் கையில் எடுக்கும் இளம் வழக்கறிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். இலவச சட்ட உதவி பெறும் தகுதியில் காவலில் இருப்பவரும் வருகிறார், இன வன்முறைக்கு ஆளானவரும் வருகிறார். இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று அங்கே நிபந்தனை கிடையாது. முகாமில் இருப்பது காவல் அல்ல என்று அரசு சொன்னால், இன வன்முறைக்கு ஆளானவர் என்ற கூறு இலங்கைத் தமிழருக்குக் கைகொடுக்கும். திருச்சி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் சேர விண்ணப்பியுங்கள், தஞ்சையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். சிறப்பு முகாம் கோப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஆணையின் நகல், உள்ளே வைத்த நாள், கடைசியாக எந்த அதிகாரி எப்போது மறுபரிசீலனை செய்தார் என்ற விவரம், தூதரகத்துக்கு எழுதிய கடிதம் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்திலோ ரிட் மனுவிலோ கேளுங்கள். விடுதலை உடனே கிடைக்காமல் போகலாம். குறைந்தது, இன்ன நாளுக்குள் அனுப்பு அல்லது விடு என்று ஒரு தேதியையாவது மதுரைக் கிளையிடம் வாங்கிக் கொடுங்கள். மூத்தவர்களாகிய நாங்கள் வரைவு பார்க்கவும், பக்கத்தில் நின்று வாதாடவும் தயாராக இருக்கிறோம்.